பதில் வராத பட்சத்தில்

பிப்ரவரி 3

நடுவருக்கு,

நலம். மூட்டு வலிக்கிறது, காது மந்தம், நாக்கு மட்டும் குறைவில்லாமல் வேலை செய்கிறது. அங்கே நீயும் உன் மனைவியும் பெண்ணும் சௌக்கியமாக இருப்பதாக எடுத்துக்கொள்கிறேன். இல்லாவிட்டால் யாராவது சொல்லியிருப்பார்கள்.

விமான நிலையத்திலிருந்து எங்கள் நகரத்துக்கு நிலத்தடியில் வரப்போகும் ரயில் பாதைக்கு உன்னைச் சுயேச்சைப் பொறியாளராக நியமித்திருப்பதைச் செய்தித்தாளில் படித்தேன். அத்தைக்கு நீயே ஒரு வரி எழுதியிருக்கலாம். போகட்டும், செய்தித்தாளுக்குச் சந்தா கட்டியது வீணாகவில்லை. சிறு வயதில் உனக்கு நாங்கள் வைத்த பெயர் கடைசியில் உத்தியோகமாகவே ஆகிவிட்டது. மட்டை பிடிக்கவும் பந்து வீசவும் வராத உன்னைத் தெருப் பிள்ளைகள் நடுவராக நிறுத்தினார்கள். இரண்டு கட்சியும் உனக்கு மிட்டாய் கொடுத்தன. அவுட்டா இல்லையா என்று கேட்டால் நீ வானத்தைப் பார்ப்பாய்.

அந்த ரயில் எங்கள் தெருவுக்கு அடியில்தான் வருகிறதாம். போன வாரம் வாசற்கதவில் ஓர் அறிவிப்பை ஒட்டிவிட்டுப் போனார்கள். ஆட்சேபணை உண்டா என்று கேட்டிருந்தது. 'பொதுநலன் கருதி' என்று தொடங்கும் எதையும் நான் முழுவதும் படிப்பதில்லை. நம் வீட்டு வழக்கப்படி பதிலும் எழுதவில்லை. உன் தாத்தாவை உனக்கு நினைவிருக்கும். வேண்டாம் என்ற சொல்லை அவர் வாயால் சொல்லி ஒருவரும் கேட்டதில்லை. வீட்டை விலைக்குக் கேட்டு வந்த கடிதமானாலும், என்னைப் பெண் கேட்டு வந்த கடிதமானாலும், படித்துவிட்டு மேசை இழுப்பறையில் போட்டுவிடுவார். பதில் வராவிட்டால் அவர் மறுத்துவிட்டார் என்பது ஊருக்கே தெரியும். பெண் கேட்டவர் பிற்காலத்தில் குறட்டைக்காகவே பேர்பெற்றார் என்று கேள்விப்பட்டதால், அதில் எனக்கு மனக்குறை ஒன்றுமில்லை.

கீழ்த்தளத்துப் பல் டாக்டரும் அவர் மனைவியும் உன்னை விசாரித்தார்கள். அவர் பிடுங்குவதும் அவள் வாய் கொப்பளிக்க வைப்பதுமாக முன்னறையில் வைத்தியம், பின்னறையில் குடித்தனம். வாசலில் மாட்டியிருக்கும் பல் வடிவப் பலகைக்கு இப்போது சிரித்த முகம் வேறு வரைந்திருக்கிறார். "புரொபசரம்மா, ரயில் என் நாற்காலிக்கு நேர் கீழ வருதாம். இனிமே ஊசியே வேணாம், அது போற அதிர்ச்சியிலேயே பல்லு தானா கழண்டுடும்" என்றார். "உங்கள் கையில் மாட்டுவதற்கு அது எவ்வளவோ மேல்" என்றேன்.

தொலைபேசியில் கூப்பிடாதே. எனக்குக் கேட்காது. கேட்டாலும், நீ பேசுவதில் பிடித்து நிறுத்த ஒன்றும் இருக்காது. எழுது.

பெண்ணுக்கு என் அன்பு. உன் மனைவிக்கு என் அனுதாபம்.

அத்தை


பிப்ரவரி 24

மதிப்பிற்குரிய அத்தைக்கு,

வணக்கம். கடிதம் கிடைத்தது. நாங்கள் மூவரும் நலம். மூட்டுக்கு வெந்நீர் ஒத்தடத்தைத் தவறாமல் கொடுத்துவரவும். நியமனத்தைப் பற்றி நானே எழுதாததற்கு மன்னியுங்கள். தலைநகரில் அலுவலகம் அமைப்பதிலேயே பொழுது போய்விட்டது.

என் வேலையைச் சொல்கிறேன். இது அரசும் தனியாரும் சேர்ந்து கட்டும் பாதை. நிலமும் தெருவும் அரசின் ரயில் கழகத்தினுடையவை. சுரங்கம் தோண்டி, தண்டவாளம் போட்டு, ரயில் ஓட்டுவது ஒரு தனியார் கம்பெனியின் வேலை. கழகம் தெருவைக் காலி செய்து ஒப்படைத்தால்தான் கம்பெனி தோண்ட முடியும். இருவருக்கும் பொதுவாக, இருவரின் சம்மதத்தோடும் நியமிக்கப்பட்டவன் நான். வரைபடங்கள் எல்லாம் என்னிடம் வரும். நான் ஒப்புக்கொண்டால் வேலை நடக்கும், மறுத்தால் நிற்கும்.

உங்கள் தெருவைப் பற்றிக் கவலை வேண்டாம். அங்கே அடியில் பாறை இல்லை, தண்ணீர் ஊறிய மணல்தான் என்பது எங்களுக்குத் தெரியும். ஆகவே முதலில் தெருவை மூடி, மேலிருந்து குழாய் இறக்கி, சிமெண்ட் குழம்பைச் செலுத்தி மண்ணை இறுக்குவார்கள். அதன் பிறகே தோண்டும் இயந்திரம் வரும். அது கடந்து போகும்வரை உங்களையும் பல் டாக்டர் குடும்பத்தையும் நல்ல விடுதியில் தங்க வைப்பார்கள். இந்த ஏற்பாடுகள் உள்ள வரைபடத்தில் கையெழுத்திட்டவன் நானே. மண்ணை இறுக்காமல் அந்த இயந்திரம் நம் வீட்டுக்கு அடியில் நுழையாது. இது என் வாக்கு.

என் மனைவியும் பெண்ணும் வணக்கம் சொல்லச் சொன்னார்கள். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தங்கள் அன்பு மருமகன்


ஏப்ரல் 8

நடுவருக்கு,

நலம்தான். எல்லோரும் நலமாக இருங்கள். உன் வாக்கைப் பத்திரமாக வைத்திருந்தேன். அதை எடுத்துப் பார்க்கவேண்டிய வேளை வந்திருக்கிறது.

தெருவை யாரும் மூடவில்லை. குழாய் இறக்க யாரும் வரவில்லை. தெருமுனையில் ஒரு பம்பு மட்டும் வந்து உட்கார்ந்துகொண்டு, பூமியிலிருந்து தண்ணீரை இறைத்துச் சாக்கடையில் விடுகிறது. கொல்லைக் கிணறு வற்றிவிட்டது. மாடிப்படிச் சுவரில் ஒரு விரிசல். முதலில் தலைமுடி போல இருந்தது. இப்போது என் மூக்குக்கண்ணாடியின் காம்பு நுழைகிறது. என் அறைக் கதவு மூட மறுக்கிறது. மனிதர்கள் செய்தால் பிடிவாதம் என்று சொல்லிவிடலாம். கதவுக்கு அந்தக் குணம் கிடையாது.

கழகத்து அலுவலகத்துக்குப் போனேன். உதவிப் பொறியாளர் ஒருவர் மரியாதையாக எழுந்து நின்று சொன்னார்: "தெரு எங்களுதுதாம்மா. தெருவுக்குக் கீழ இருக்கறது கம்பெனியோடது. நீங்க அங்கதான் போய்க் கேக்கணும்." கம்பெனிக்குப் போனேன். குளிரூட்டிய அறை. ஒரு பெண் தண்ணீர் பாட்டில் கொடுத்து உபசரித்தாள். "சுரங்கம் எங்களுது, ஒத்துக்கறோம் மேடம். ஆனா விரிசல் சுரங்கத்துல இல்லையே, சுவர்லதானே இருக்கு? மேல இருக்கறதெல்லாம் கழகம்தான் பாக்கணும்."

"மேலே கழகம், கீழே கம்பெனி. நடுவில் இருக்கும் மண் யாருடையது?" என்றேன்.

"அது வந்து... இன்டர்ஃபேஸ், மேடம்" என்றாள்.

யாருக்கும் சொந்தமில்லை என்பதற்கு அவர்கள் வைத்திருக்கும் சொல் அது என்று புரிந்துகொண்டு வீடு திரும்பினேன்.

உன்னிடம் கேட்பது ஒரே கேள்வி. மண்ணை இறுக்கப் போகிறார்களா, இல்லையா? பதில் ஒரு சொல்லுக்கு மேல் தேவையில்லை.

பெண் பரீட்சை நன்றாக எழுதியிருப்பாள். உன்னைப் போல் யோசித்துக்கொண்டே மணி அடிக்கும்வரை உட்கார்ந்திருக்கமாட்டாள்.

அத்தை


மே 2

நடுவருக்கு,

நலமா என்று கேட்கமாட்டேன். கேட்ட கேள்வி ஒன்று பாக்கி இருக்கும்போது இரண்டாவதைச் சேர்ப்பது முறையல்ல.

உன்னிடமிருந்து பதில் இல்லை. நம் வீட்டு வழக்கப்படி அதற்கு 'இல்லை' என்று அர்த்தம். எது இல்லை என்பதுதான் தெரியவில்லை. மண்ணை இறுக்குவது இல்லையா, இறுக்காமல் விடுவது இல்லையா?

டாக்டரிடம் பல் காட்ட வந்தவர்கள் துப்பும் தண்ணீர் கிண்ணத்தின் ஒரு பக்கமாகவே போய்த் தேங்குகிறது. நாற்காலியின் ஒரு காலுக்கு அடியில் அட்டை மடித்து வைத்திருக்கிறார். "இந்த வீட்டுக்கே ஒரு கடைவாய் ஆடுது புரொபசரம்மா. அடைக்காம விட்டா வேர் வரைக்கும் போயிடும்" என்றார். அவர் மனைவி சிரிக்கவில்லை. அவள் வாசலுக்கும் பின்கட்டுக்கும் நடக்கும்போது சுவரைத் தொட்டுக்கொண்டே நடக்கிறாள். அதை அவள் அறியவில்லை; நான் பார்க்கிறேன்.

மீண்டும் கேட்கிறேன்: ஆம் அல்லது இல்லை.

அத்தை


மே 19

மதிப்பிற்குரிய அத்தைக்கு,

வணக்கம். தாமதத்துக்கு மன்னிக்க வேண்டும். இங்கு வெயில் தாங்கவில்லை. பெண் வகுப்பில் இரண்டாவதாக வந்திருக்கிறாள். என் மனைவிக்கு லேசான தலைவலி வந்து போயிற்று. எனக்கும் தூக்கம் சரியில்லை; மருத்துவர் உப்பைக் குறைக்கச் சொல்கிறார். அலுவலகத்தை நான்காம் மாடிக்கு மாற்றியிருக்கிறோம். ஜன்னலிலிருந்து ஒரு பூங்கா தெரிகிறது.

நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். கழகம் தெருவை இன்னும் ஒப்படைக்கவில்லை. தேர்தல் முடியும்வரை அங்கிருக்கும் கடைக்காரர்களை நகர்த்த மேலிடத்துக்கு மனமில்லை. கம்பெனியை வங்கிகள் நெருக்குகின்றன. மண்ணை இறுக்காமல், தண்ணீரை மட்டும் இறைத்துவிட்டு, இயந்திரத்தை மெதுவாகச் செலுத்துவதாக ஒரு புதிய வரைபடத்தைக் கம்பெனி என் ஒப்புதலுக்கு அனுப்பியது. நான் மறுத்தால், தெருவைத் தராதது கழகத்தின் குற்றம் என்று எழுத்தில் ஆகிவிடும். ஒப்புக்கொண்டால், ஆபத்தைத் தெரிந்தே ஏற்றதாகக் கம்பெனியின் தலையில் விடியும். கழகத்தின் தலைமைப் பொறியாளர் என் அறைக்கு வந்து, "சார், நீங்க எதையும் எழுதிட வேண்டாம்" என்றார். மறுநாள் கம்பெனியின் திட்ட மேலாளர் அதே நாற்காலியில் உட்கார்ந்து அதையே சொன்னார். இந்தத் திட்டத்தில் இரு தரப்பும் ஒரே குரலில் பேசி நான் கேட்டது அப்போதுதான்.

ஆனால் நான் ஒப்புதல் தரவில்லை, அத்தை. பதிலே எழுதவில்லை. அந்த வரைபடம் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. நம் வீட்டில் அதற்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை.

நீங்கள் இங்கே வந்து ஒரு மாதம் தங்கினால் என்ன? வெளிச்சமான அறை ஒன்று காலியாக இருக்கிறது. பெண்ணுக்கும் துணையாக இருக்கும்.

தங்கள் அன்பு மருமகன்


மே 28

நடுவருக்கு,

உப்பைக் குறைத்துக்கொள். பூங்காவைப் பார்.

உன் வீட்டில் காலி அறை இருப்பது இத்தனை வருஷத்தில் இப்போதுதான் எனக்குத் தெரியவருகிறது. அழைப்புக்கு நன்றி. அதே கடிதத்தில் பல் டாக்டர் எங்கே போய்த் தங்குவது என்று நீ எழுத மறந்துவிட்டாய்.

போன வாரம் சுரங்க வேலையில் இருக்கும் இளம் எஞ்சினியர் ஒருவன் வீங்கிய தாடையோடு கீழே வந்தான். நாற்காலியில் சாய்ந்திருப்பவன் பொய் சொல்லத் துணியமாட்டான்; பல் டாக்டர்களுக்கு மட்டும் வாய்த்த வசதி அது. பேச்சை எனக்கு டாக்டர் அப்படியே நடித்துக் காட்டினார்.

"எங்க தெருவுக்கு எப்ப தம்பி சிமெண்ட் ஊசி போடப் போறீங்க?"

"ஊசி கேன்சல் சார். அது இல்லாமலே போறோம். அப்ரூவல் வந்தாச்சு."

"யாரு கையெழுத்துப் போட்டா?"

"யாரும் போடல. சுயேச்சை எஞ்சினியர் கெடுவுக்குள்ள பதில் தரலைன்னா ஓகேன்னு அர்த்தம். அக்ரிமென்ட்லயே இருக்கு. அவரு தரல."

"சரி, வாயத் தொற."

அந்தச் சுயேச்சை எஞ்சினியர் என் மருமகன் என்பது டாக்டருக்குத் தெரியும். என் முகத்தைப் பார்த்துவிட்டு அவரே சமாதானம் சொன்னார்: "பாவம், வேலை மும்முரத்துல மறந்திருப்பாரு. நீங்க ஒரு வரி எழுதி ஞாபகப்படுத்துங்க." நீ மறக்கவில்லை என்பதை நான் அவருக்குச் சொல்லவில்லை. மண்ணை இறுக்கப்போவதில்லை என்பதை மட்டும் அவருக்கும் அவர் மனைவிக்கும் தெளிவாகச் சொல்லி, வேறு இடம் பார்த்துக்கொள்ளச் சொன்னேன். "நாற்காலியைத் தூக்கிட்டு எங்க போறது? என்ன, ஆடட்டும். அவங்க என்னிக்கு எங்க வீட்டுக்கு அடியில வர்றாங்கன்னு மட்டும் தெரிஞ்சா, அன்னிக்கு ஒரு நாள் கதவைப் பூட்டிட்டு இவளைச் சினிமாவுக்குக் கூட்டிட்டுப் போயிடுவேன்" என்றார். கழகமும் கம்பெனியும் அந்த நாளைச் சொல்ல மறுக்கின்றன. அது ரகசியமாம்.

ஓய்வு பெறும்வரை கல்லூரியில் தர்க்கவியல் கற்பித்தவள் நான். ஒன்றும் சொல்லாததிலிருந்து ஒன்றும் பெற முடியாது என்று எத்தனையோ வகுப்புகளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். உன் ஆட்கள் என்னைவிடக் கெட்டிக்காரர்கள். ஒன்றும் சொல்லாததிலிருந்து ஒரு சுரங்கத்தையே பெற்றுவிட்டார்கள்.

வாசலில் ஒட்டிய அறிவிப்பைத் தேடி எடுத்து அடிவரை படித்தேன். 'குறித்த கெடுவுக்குள் பதில் வராத பட்சத்தில் சம்மதம் அளித்ததாகக் கருதப்படும்' என்று பொடி எழுத்தில் இருக்கிறது. இரண்டு அலுவலகங்களுக்கும் ஆட்சேபணை எழுதினேன். கெடு முடிந்துவிட்டது என்று இருவரும் பதில் அனுப்பினார்கள். அவர்கள் பதில் எழுதுவதில் மட்டும் தாமதம் இல்லை.

நான் பொடி எழுத்தைப் படிக்காத கிழவி. நீ அந்த ஒப்பந்தத்தை வரி வரியாகப் படித்தவன். அந்த விதி உனக்குத் தெரியுமா, தெரியாதா? தெரிந்திருந்தால், தாத்தாவின் இழுப்பறை நம் வீட்டு வாசற்படியைத் தாண்டிச் செல்லாது என்பதும் உனக்குத் தெரியும். இன்றே 'கூடாது' என்று எழுதி இரு தரப்புக்கும் அனுப்பு. கெடு முடிந்தாலும் உன் கையெழுத்துக்கு இயந்திரத்தை நிறுத்தும் பலம் இருக்கிறது. இல்லாவிட்டால் இரண்டு பேர் வந்து உன் நாற்காலியைத் தேய்த்திருக்கமாட்டார்கள்.

நீ அதை எழுதும்வரை நான் எங்கும் வருவதாக இல்லை.

அத்தை


ஜூன் 14

மதிப்பிற்குரிய அத்தைக்கு,

வணக்கம். அவசரமாக எழுதுகிறேன். உங்கள் கடிதத்துக்கு விரிவாகப் பிறகு பதில் எழுதுவேன்.

என் மனைவிக்கு வயிற்றில் கட்டி என்று சொல்லிவிட்டார்கள். உடனே அறுவை சிகிச்சை செய்யவேண்டுமாம். பெண்ணைப் பார்த்துக்கொள்ள வேறு ஆள் இல்லை. அவள் உங்களைத்தான் கேட்கிறாள். நமக்குள் இருக்கும் வாதங்களை இப்போது பாராட்டாமல் வாருங்கள், அத்தை.

ரயில் டிக்கெட் இணைத்திருக்கிறேன். தேதியை மாற்றவேண்டாம். எப்படியும் அன்றே புறப்பட்டுவிடுங்கள்.

மருமகன்


ஜூலை 6

நடுவருக்கு,

நான் நலம். இந்த முறை அது வெறும் சம்பிரதாயம் அல்ல. உன்னால் நேர்ந்த உண்மை. ஆகவே முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

உன் வீட்டில் நடந்ததை உன் மனைவி சொல்லியிருப்பாள். சொல்லாமல் விட்டிருந்தால் நான் சொல்கிறேன். காலையில் நான் வந்து மணி அடித்தபோது அவள் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். ஈரப் போர்வை ஒன்றைத் தோளில் போட்டபடியே கதவைத் திறந்தாள். "அத்தை! என்ன திடீர்னு? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா ஸ்டேஷனுக்கு வந்திருப்போமே!"

"உனக்கு அறுவை சிகிச்சை எப்போது?" என்றேன்.

"எனக்கா? எதுக்கு?"

மேலே அவளிடம் எதுவும் கேட்கவில்லை. அவள் நல்ல பெண். ஏதோ குழப்பம் என்று தன் மேலேயே பழி போட்டுக்கொண்டு எனக்குத் தேநீர் போடப் போனாள். நாற்காலியில் உட்கார்ந்தேன். கைப்பையில் உன் கடிதம் இருந்தது. தேதியை மாற்றவேண்டாம் என்று ஏன் எழுதினாய் என்பது தேநீர் வருவதற்கு முன்பே எனக்குப் புரிந்துவிட்டது. டாக்டர் வீட்டுக்குப் போன் போடச் சொன்னேன். உன் மனைவி போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருக்கிறது, யாரும் எடுக்கவில்லை என்றாள். பிறகு மணி அடிப்பதும் நின்றது. உன் பெண் தொலைக்காட்சியைப் போட்டாள். பள்ளத்தைக் காட்டினார்கள். எந்தத் தெரு என்று அதில் எழுதியிருந்ததைப் படிக்கும் முன்பே, செங்கல் குவியலின் மேல் கிடந்த அந்தச் சிரிக்கும் பல்லைப் பார்த்தேன்.

டாக்டரின் மனைவி பஞ்சு வாங்கக் கடைக்குப் போயிருந்தாள். அப்போது நோயாளி யாரும் இல்லை. அவர் மட்டும் முன்னறையில் இருந்தார். தரை உள்வாங்கியது, மேலே இருந்த என் அறை அவர் மேல் இறங்கியது. வெளியே எடுத்தபோது உயிர் இல்லை. அவருடைய நாற்காலி பள்ளத்தில் நேராக நிற்கிறது. அதன் விளக்கு கூட உடையவில்லை. வேடிக்கை பார்க்க வருகிறவர்கள் அதைப் படம் பிடிக்கிறார்கள்.

என் புத்தகங்கள் போயின. பாதி, மறுபடி படிக்கும் தகுதியற்றவை. அதைப் பற்றி நீ ஆறுதல் எழுதவேண்டாம். கல்லூரி விடுதியில் எனக்கு ஓர் அறை கொடுத்திருக்கிறார்கள்.

பிணவறைத் தாழ்வாரத்தில் டாக்டரின் மனைவியைப் பார்த்தேன். வாங்கிய பஞ்சுப் பொட்டலம் இன்னும் கையில் இருந்தது. என்னைப் பார்த்ததும் கேட்டாள்: "கடைசி வரைக்கும் அவர் அதையேதான் சொல்லிட்டிருந்தார், புரொபசரம்மா. உங்க மருமகன் நல்லவரு, மறந்துபோய்த்தான் பதில் போடாம விட்டுட்டாருன்னு. மறந்துதானே போயிட்டார்?"

நான் ஒன்றும் சொல்லவில்லை. அவள் தலையை ஆட்டிக்கொண்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அந்த நாள் உனக்குத் தெரிந்திருந்தது. ஒரு டிக்கெட் வாங்கினாய். இரண்டு சினிமா டிக்கெட் போதும் என்றுதான் அந்த மனிதர் சொல்லியிருந்தார். அதை நான் உனக்கு எழுதியும் இருந்தேன்.

அத்தை


ஜூலை 24

மதிப்பிற்குரிய அத்தைக்கு,

வணக்கம். உங்கள் உடல்நலம் எப்படி இருக்கிறது? விடுதியில் உணவு ஒத்துக்கொள்கிறதா? என் மனைவி என்னோடு பேசுவதில்லை. பெண்ணுக்கு விவரம் தெரியாது.

நான் கல்நெஞ்சன் அல்ல. விழும் என்று எனக்கு உறுதியாகத் தெரியாது. விழாமலே கடந்த இடங்கள் எத்தனையோ உண்டு. ஆனாலும் உங்களை அங்கே வைத்துக்கொண்டு என்னால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. டாக்டரிடம் சொல்லியிருந்தால் தெரு முழுக்கத் தெரிந்திருக்கும். வேலை நின்றிருக்கும். பிறகு ஏன் முன்பே எழுதவில்லை என்று இரு தரப்பும் என்னைக் கேட்டிருக்கும். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

விசாரணைக் குழு அமைத்திருக்கிறார்கள். கம்பெனியின் அவசரமே காரணம் என்று கழகம் சொல்கிறது. தெருவைத் தராத கழகமே காரணம் என்று கம்பெனி சொல்கிறது. என் மேல் தவறில்லை என்ற ஒன்றில் மட்டும் இரண்டு வக்கீல்களும் உடன்படுகிறார்கள். நான் எதிலும் கையெழுத்திடவில்லை. கெடுவுக்குள் கவனிக்கத் தவறிவிட்டேன் என்று எழுதிக் கொடுத்தால் ஓர் எச்சரிக்கையோடு முடிந்துவிடும் என்கிறார்கள். மறதி குற்றமாகாதாம்.

வீட்டுக்காரர் என்ற முறையில் உங்களையும் அழைப்பார்கள். உங்களுக்கு வயதாகிவிட்டது, காது கேட்பதில்லை. வர இயலாது என்று சொன்னால் யாரும் வற்புறுத்தமாட்டார்கள். அந்த அம்மா மறதி என்று நம்புவதாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அந்த நம்பிக்கை அவருக்கும் ஓர் ஆறுதல்தானே? அதை ஏன் கலைக்கவேண்டும்?

உங்களை நான் பொய் சொல்லச் சொல்லவில்லை. எதுவுமே சொல்லவேண்டாம் என்றுதான் கேட்கிறேன். இந்தக் கடிதத்துக்குக் கூட நீங்கள் பதில் எழுதவேண்டியதில்லை. விசாரணை தொடங்குவதற்குள் உங்களிடமிருந்து கடிதம் வராவிட்டால், சம்மதித்துவிட்டீர்கள் என்று எடுத்துக்கொண்டு நிம்மதியாக இருப்பேன்.

என்னை வளர்த்தவர்களில் இப்போது மிஞ்சியிருப்பது நீங்கள் ஒருவர்தான்.

தங்கள் மருமகன்


ஆகஸ்ட் 1

மருமகனுக்கு,

நலம். விடுதிச் சாப்பாடு மோசம். உயிரோடு இருப்பவர்களுக்கு அது ஒரு பொருட்டல்ல.

நேற்று டாக்டரின் மனைவியைப் பார்க்கப் போனேன். அவள் தங்கை வீட்டில் இருக்கிறாள். பள்ளத்திலிருந்து எடுத்துக் கொடுத்த பல் பிடுங்கும் கருவிகளை ஒவ்வொன்றாகக் கழுவி, ஒரு துண்டின் மேல் வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தாள். என்னை உட்காரச் சொன்னாள். நான் நின்றுகொண்டே சொன்னேன்.

"அன்றைக்கு நீ கேட்டாயே, அவன் மறக்கவில்லை."

"மறக்கலையா?"

"இல்லை. பதில் எழுதக்கூடாது என்று முடிவு செய்து எழுதாமல் இருந்தான்."

ஒரு கருவியைத் துடைத்து இடத்தில் வைத்தாள். "எந்த நாளுன்னு தெரியுமா அவருக்கு?"

"தெரியும். அதனால்தான் நான் இங்கே நிற்கிறேன்."

இன்னொரு கருவியை எடுத்துக் கழுவினாள். பிறகு, "ஆஸ்பத்திரியில கேட்டப்பவே சொல்லியிருக்கலாமே" என்றாள்.

"பதில் சொல்லாவிட்டால் இல்லை என்று அர்த்தம், எங்கள் வீட்டில்" என்றேன்.

"எனக்கு எப்படித் தெரியும் புரொபசரம்மா? நான் உங்க வீடு இல்லையே" என்றாள்.

அதற்குமேல் என்னை அங்கே இருக்கச் சொல்லவும் இல்லை, போகச் சொல்லவும் இல்லை. நானே வந்துவிட்டேன். இதுவரை இவ்வளவு சுருக்கமாக என்னை யாரும் கண்டித்ததில்லை.

குழு அழைப்பு அனுப்பியிருக்கிறது. போகிறேன். காது கேட்கவில்லை என்றால் கேள்விகளை எழுதிக் காட்டச் சொல்வேன். உனக்குத் தெரிந்திருந்தது, எனக்கு டிக்கெட் வந்தது, டாக்டருக்கு வரவில்லை என்று சொல்வேன். நீயும் ஒரு முறை வானத்தைப் பார்க்காமல் அவர்களைப் பார்த்துச் சொன்னால் நல்லது. சொல்வாய் என்று நான் நம்பவில்லை.

என் கடிதம் வராவிட்டால் சம்மதம் என்று எழுதியிருந்தாய். இது என் கடிதம். எனக்குச் சம்மதமில்லை.

குழு கூடுவதற்குள் உன் கைக்குச் சேரவேண்டும் என்பதால் பதிவுத் தபாலில் அனுப்புகிறேன்.

அத்தை